இருபது முகப் பகடையும் வேப்பமரத்துப் பேயும்

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959 அக்டோபரில் மறைந்தபோது அவருக்கு வயது 29. அவர் போன பிறகு, 1961இல் வந்த 'அரசிளங்குமரி' படத்தில் டி.எம். சௌந்தரராஜன் பாடிய 'சின்னப் பயலே' பாட்டு இன்றும் எங்காவது ஒலித்துக்கொண்டிருக்கிறது. வேப்பமரத்தில் பேய் இருக்கிறது என்று பயமுறுத்துகிறவர்களை நம்பாதே என்று ஒரு சிறுவனுக்குப் புத்தி சொல்கிற பாட்டு அது. சுயமரியாதை இயக்கத்துக்குப் பட்டுக்கோட்டை அழகிரியைத் தந்த ஊரின் கவிஞர் வேறெப்படி எழுதியிருப்பார்! ஆனாலும் அந்தப் பக்கத்தில் பேய்க்கதைக்குப் பஞ்சம் வந்ததில்லை. நம்பிக்கை போனாலும் கதை போவதில்லை. சொல்லப்போனால், பயம் கழிந்த பிறகுதான் பேயைக் கையில் எடுத்து விளையாட முடியும்.

அந்த விளையாட்டையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பேய், பூதம், அரக்கன் என்று புதிது புதிதாக உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் பலம் இவ்வளவு, பலவீனம் இது, உயிர் இத்தனை என்று கணக்கெழுதி, புத்தகமாக அச்சிட்டு விற்கிறார்கள். அந்தப் புத்தகங்கள் லட்சக்கணக்கில் விற்கின்றன.

ஆட்டத்தின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்ற இருவர் 1974இல் வெளியிட்டார்கள். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். ஒருவர் கதையை நடத்துபவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரக்காரி, பூட்டுத் திறக்கிற திருடன். "கதவைத் திறக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், உள்ளே என்ன நிற்கிறது என்று நடத்துநர் சொல்வார். வெட்டு விழுமா, தப்புமா என்பதைப் பகடை முடிவு செய்யும். நம் தாயக்கட்டைக்கு நாலு பக்கம். இந்த ஆட்டத்தின் முக்கியமான பகடைக்கு இருபது முகம். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் முதல் பகுதியில் சிறுவர்கள் நிலவறையில் உட்கார்ந்து ஆடுகிறார்களே, அதுதான்.

கதவுக்குப் பின்னால் நிற்பதை உருவாக்குவதில்தான் இந்த ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. முதன்முதலில் வந்த மூன்று சிறு நூல்களில் ஒன்று முழுக்க அரக்கர்களுக்கும் புதையலுக்கும் ஒதுக்கப்பட்டது. 1977இல் அரக்கர்களுக்கென்றே கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று வந்தது. அதில் முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட உருப்படிகள். அவற்றில் ஒருவர் நம் ஆள்: ராட்சசன்.

நம் ஆள்தான், ஆனால் நமக்கே அடையாளம் தெரியாது. புலித்தலை, மேலங்கி, கையில் புகைக்குழாய். டேவிட் டிராம்பியர் வரைந்த அந்தப் படத்தில் ஏதோ பணக்கார வீட்டு வரவேற்பறையில் சாய்ந்திருப்பதுபோல் ஆசாமி உட்கார்ந்திருக்கிறார். பின்னால் வந்த பதிப்புகளில் உள்ளங்கையும் பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. வால்மீகியிலும் கம்பனிலும் தேடினால் இப்படி ஒருவர் கிடைக்கமாட்டார். எங்கிருந்து வந்தார்? ஒரு தொலைக்காட்சித் தொடரிலிருந்து. 1974 டிசம்பரில் 'கோல்சாக்: த நைட் ஸ்டாக்கர்' என்ற அமெரிக்கத் தொடரின் ஒரு பகுதியில் ராட்சசன் வந்தான். பார்க்கிறவர் யாரை நம்புகிறாரோ அவர் உருவத்தில் வந்து நிற்பான். மந்திரித்த அம்பை வில்பொறியில் வைத்து எய்தால்தான் சாவான். ஓராண்டு கழித்து, 1975 டிசம்பரில், கைகாக்ஸின் நிறுவனம் நடத்திய சிறு பத்திரிகையில் இதே இரண்டு குணங்களோடு ராட்சசன் ஆட்டத்துக்குள் நுழைந்தான்.

இதைக் கேட்டு ஆத்திரப்படுவது எளிது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: தோற்றத்தில் தவறினாலும் குணத்தில் அந்தத் தொலைக்காட்சிக்காரர்கள் பெரிதாகத் தவறவில்லை. மாரீசன் பொன்மானாக வந்தான். சூர்ப்பணகை பேரழகியாக வந்தாள். இராவணன் சீதையின் குடில் வாசலில் துறவியாக நின்றான். நம்பும்படி உருமாறி வருவதுதான் அரக்கர் குலத்தின் ஆயுதம் என்று தேரழுந்தூர்க் கம்பனைப் படித்தவர்களுக்குத் தெரியும். விளையாட்டு மேசையில் அதற்கு இருக்கும் மதிப்பே தனி. வழியில் சேர்ந்துகொண்ட நல்ல துணைவர் யார் என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால், ஆடுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்க்கிற பார்வையே மாறிவிடும். வாள் உருவுவதற்கு முன்பே அரக்கன் பாதி ஜெயித்துவிடுகிறான்.

புலித்தலை பார்ப்பதற்கு, உருமாறுவது ஆடுவதற்கு. அரக்கன் செய்யும் கலையில் இரண்டாவதற்குத்தான் மூளை வேண்டும்.

முதலாவது எவ்வளவு எளிது என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. ஆட்டத்தின் ஆரம்ப நாட்களில் கைகாக்ஸ் மலிவு விலைக் கடையில் ஒரு பை பிளாஸ்டிக் பொம்மை வாங்கினார். ஹாங்காங்கில் செய்து, 'ஆதிகால விலங்குகள்' என்று பெயரிட்டு விற்ற, எந்த விலங்கோடும் ஒட்டாத கோணல்மாணல் பொம்மைகள். அவற்றிலிருந்துதான் ஆந்தைத்தலைக் கரடியும், துரு பூதமும், நிலத்தைத் துளைத்து வரும் 'புலெட்'டும் பிறந்தன. உருவம் பத்துக் காசுக்குக் கிடைத்தது. துரு பூதம் ஐம்பது ஆண்டு தாண்டியும் நிலைத்ததற்குக் காரணம், அது செய்யும் வேலை. கடித்துக் கொல்வதல்ல அதன் பயங்கரம். அதன் உணர்கொம்பு பட்ட இரும்பு துருவாக உதிரும். டிராகனையே எதிர்த்து நின்ற வீரன் இதைப் பார்த்ததும் ஓடுகிறான். மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்த கவசம் அல்லவா! உயிரைவிட உடைமைக்கு மனிதன் எவ்வளவு நடுங்குகிறான் என்று ஒரு மட்டமான பொம்மை காட்டிக்கொடுத்துவிட்டது.

விதி வகுத்துப் பயமுறுத்துவது நமக்கொன்றும் புதிதில்லை. இரணியன் வாங்கிய வரத்தை ஒரு விளையாட்டு வடிவமைப்பாளர் படித்தால் கைதட்டுவார். மனிதனாலும் விலங்காலும் சாவில்லை, பகலிலும் இரவிலும் இல்லை, வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் இல்லை, மண்ணிலும் விண்ணிலும் இல்லை, ஆயுதத்தாலும் இல்லை. எல்லா வாசலையும் அடைத்துவிட்டுச் சந்துகளை மட்டும் விட்டுவைத்த பூட்டு இது. சந்து இருக்கிறது என்பது கேட்கிறவனுக்குத் தெரியும். எங்கே என்று தேடுவதில்தான் கதை. தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் ஆண்டுதோறும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவில், பிரகலாத சரித்திரத்தின் முடிவில் நரசிம்ம முகமூடி தரித்தவர் வருகிறபோது கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. முடிவு என்ன என்று தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. பூட்டு திறக்கிற நேரத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

இரத்தபீஜன் இன்னொரு வகை. அவன் ரத்தம் எத்தனை சொட்டு தரையில் விழுகிறதோ அத்தனை அசுரர்கள் எழுவார்கள். வெட்ட வெட்டப் பெருகுகிறான். ரத்தம் தரையில் விழாமல் காளி குடித்தபோதுதான் ஒழிந்தான். டன்ஜன்ஸ் ஆட்டத்தில் வாளால் வெட்டினால் இரண்டாகப் பிரியும் கரிய களிக்கூழ் ஒன்று உண்டு. தீ அல்லது அமிலம் பட்டாலொழியக் காயம் தானே ஆறிவிடும் 'டிரால்' உண்டு. இது பால் ஆண்டர்சன் என்ற எழுத்தாளரின் நாவலிலிருந்து வந்தது. நம் புராணத்தை அவர்கள் பார்த்து எழுதினார்கள் என்று யாரும் மார்தட்ட வேண்டாம். பலத்தையே பொறியாக்குவது எல்லா நாட்டுக் கதைசொல்லிக்கும் தோன்றுகிற யுக்தி.

ஆனால் ஒன்று: கதையில் இரணியனைக் கொல்ல ஆசிரியர் இருக்கிறார். மேசையில் ஆசிரியர் கிடையாது. ஆடுகிறவர்களே சந்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் தடயம் கொடுக்காமல் பூட்டு மட்டும் போடுகிற நடத்துநரை அரை மணி நேரத்தில் எல்லோரும் சபிப்பார்கள். இந்தத் தொழிலில் அனுபவமுள்ளவர்கள் ஒரே சங்கதிக்கு இரண்டு மூன்று தடயமாவது வைக்கச் சொல்வது இதனால்தான். நம் பேய்க்கதைகள் இந்த விஷயத்தில் மிகவும் நேர்மையானவை. மோகினிப் பிசாசு என்றால் மல்லிகை வாசம் முன்னே வரும். கால் தரையில் பாவாது. இரும்பு வைத்திருந்தால் கிட்டே வராது. கதை சொன்ன பாட்டிகள் பயத்தோடு சேர்த்துப் பரிகாரத்தையும் பேரப்பிள்ளை கையில் கொடுத்துத்தான் தூங்கவைத்தார்கள்.

அடுத்து கணக்கு. இங்கேதான் பலர் புத்தகத்தை மூடிவிடுவார்கள். மூட வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

ஒவ்வொரு அரக்கனுக்கும் ஒரு கவச எண். இருபது முகப் பகடையில் விழுந்ததோடு வீரனின் திறமையைக் கூட்டினால் அந்த எண்ணைத் தொட வேண்டும். பிறகு உயிர்ப்புள்ளி; அது தீர்ந்தால் கதை முடிந்தது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் 'ஓகர்' என்ற முரட்டு ராட்சதனின் கவச எண் 11, உயிர்ப்புள்ளி 59. இருட்டில் ஒளிப்பந்தாக மிதந்து ஆளை மயக்கும் 'வில்-ஓ-விஸ்ப்' என்பதற்குக் கவச எண் 19, உயிர்ப்புள்ளி வெறும் 22. இரண்டையும் புத்தகம் ஒரே ஆபத்து வரிசையில், இரண்டாம் படியில் வைத்திருக்கிறது. எப்படி? திறமை 5 உள்ள வீரன் ஓகரைத் தொட 6 விழுந்தால் போதும். நூற்றுக்கு 75 வாய்ப்பு. ஒளிப்பந்தைத் தொட 14 விழ வேண்டும், வாய்ப்பு 35தான். அடி விழுந்தாலும் சாதாரண வாளுக்குப் பாதிச் சேதமே ஆகும். போதாக்குறைக்கு நினைத்தபோது கண்ணுக்கு மறையும். நாலு வீரர்கள், ஒரு வெட்டுக்குச் சராசரி 7 சேதம் என்று வைத்துக்கொண்டால் ஓகர் மூன்று சுற்றில் விழுந்துவிடுவான். ஒளிப்பந்து நாலைந்து சுற்று இழுக்கும். அதுவும் மறையாமல் இருந்தால். இரண்டு சண்டைகளும் ஏறக்குறைய ஒரே அளவு ரத்தம் கேட்கும், ஆனால் அனுபவம் ஒன்றல்ல. ஓகரோடு மோதுவது உடம்பு வலி. ஒளிப்பந்தோடு மோதுவது எரிச்சல்.

தனி அரக்கனுக்கு வேறொரு சிக்கல். எதிரே நாலு பேர் நின்றால், அவன் ஒரு அடி அடிப்பதற்குள் நாலு அடி வாங்குவான். எவ்வளவு பெரிய டிராகனும் இப்படிச் செத்த பாம்பாகிவிடும். 2014 பதிப்பில் பெரிய அரக்கர்களுக்கு மட்டும், மற்றவர்கள் முறை முடிகிறபோதெல்லாம் இடையில் புகுந்து செயல்பட அனுமதி கொடுத்தார்கள். சுற்றுக்கு மூன்று தடவை. பத்துத் தலை, இருபது கை என்று இராவணனைப் படைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு முன்பே புரிந்திருக்கிறது என்று சிரித்துக்கொள்ளலாம். சூரபத்மனும் அப்படித்தான்: உருமாறி உருமாறிப் போரிட்டு, கடைசியில் மாமரமாக நின்று, பிளந்தபின் மயிலும் சேவலும் ஆனான். வீடியோ கேம் ஆடுகிற பிள்ளைகளிடம் சொன்னால், "பல கட்ட பாஸ் ஃபைட்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

உருவம் பத்துக் காசுக்குக் கிடைக்கும் என்றது கைகாக்ஸுக்கு. தஞ்சைச் சிற்பிகளுக்கு அதைச் சொல்லிவிட முடியாது. ராஜராஜன் 1010இல் முடித்த பெரிய கோயிலில், துவாரபாலகர் ஒருவரின் காலருகே ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானை எவ்வளவு பெரிது என்று நமக்குத் தெரியும். அதை விழுங்கும் பாம்பு எவ்வளவு பெரிது? அந்தப் பாம்பு காலடியில் புழுவாகத் தெரிந்தால் காவல்காரர் எவ்வளவு பெரியவர்? ஒரு சொல் எழுதாமல் அளவைப் புரியவைத்தார்கள். தாராசுரம் கோயிலில் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் யானையும் காளையும் உண்டு. ஒரு பக்கத்தை மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. தூணுக்குத் தூண் நிற்கும் யாளியில் சிங்க உடல், யானைத் துதிக்கை, மகர வாய் என்று எத்தனையோ கலப்பு இருந்தும் எது கடிக்கும், எது பிடிக்கும் என்பதில் குழப்பம் வராது. இன்றைக்குக் கணினியில் அரக்கன் வரைகிறவர்களில் பலர் கொம்பு, முள், இறக்கை, வால் எல்லாவற்றையும் ஒட்டிவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் செய்துவிடுகிறார்கள். ஒரு நாள் தாராசுரம் போய்வரலாம்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருபுவனம் கம்பகரேசுவரர் கோயில், மூன்றாம் குலோத்துங்கன் கட்டியது. அங்கே சரபேசுவரருக்குத் தனிச் சன்னதி. இரணியனை முடித்தும் அடங்காத நரசிம்மத்தின் சினத்தைத் தணிக்க, பறவையும் சிங்கமும் கலந்த சரப உருவில் சிவன் வந்தார் என்பது சைவர் கதை. வைணவர்கள் சும்மா இருப்பார்களா? சரபத்தை அடக்க இருதலைப் பறவையான கண்டபேரண்டம் வந்தது என்றார்கள். முந்தைய புத்தகத்து அரக்கனை விழுங்க அடுத்த புத்தகத்தில் அதைவிடப் பெரியதை இறக்கும் விளையாட்டு நிறுவனங்களின் பழக்கம் இதுதான். பக்தர்கள் மன்னிக்கவேண்டும், ஒப்புமை வடிவத்துக்கு மட்டும்.

பேய்களுக்கு வந்தால் காவிரி டெல்டாவின் பெருமை செயங்கொண்டார். திருவாரூர்ப் பக்கத்துத் தீபங்குடிக்காரர் என்று சொல்வார்கள். முதலாம் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடவந்தவர், போருக்குப் போவதற்கு முன் காளிகோயிலில் பசியோடு காத்திருக்கும் பேய்க்கூட்டத்தைக் காட்டுகிறார். அவற்றின் பசி, வற்றிய வயிறு, பனைபோல் நீண்ட கைகால்கள் எல்லாம் வரிசையாக வருகின்றன. வித்தை கற்ற ஒரு கிழப்பேய் மாயப் போர்க்களம் ஒன்றைக் காட்ட, மற்றவை பாய்ந்து அள்ளி வெறுங்கையை நக்குகின்றன. போர் முடிந்து கூழ் சமைக்கும்போது பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய், கருவுற்ற பேய் என ஒவ்வொன்றுக்கும் அதனதன் முறைப்படி பரிமாறல். ஒரு கூட்டத்துக்கு ஒரே ஆசையைக் கொடுத்து, ஆளுக்கொரு குணத்தையும் கொடுத்துவிட்டார். பத்துப் பூதங்களை ஒரே அச்சில் வார்த்து அனுப்பும் நடத்துநர்கள் இவரிடம் பாடம் கேட்கவேண்டும். பேய்க்குப் பசி என்று ஒன்று இருந்தால் அதனோடு பேரம் பேசலாம், ஏமாற்றலாம், சோறு போட்டு நட்பாக்கலாம். கொல்வதைத் தவிர வேறு வழி இல்லாத அரக்கன் மேசைக்குச் சலிப்பு.

இத்தனையும் வைத்துப் பட்டுக்கோட்டைப் பக்கத்திலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். கிழக்கே கொஞ்ச தூரத்தில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. உப்பங்கழி, சேறு, பிரிந்து பிரிந்து ஓடும் வாய்க்கால்கள். இந்த இடத்துக்கு ஏற்ற ஆள் கொள்ளிவாய்ப் பிசாசு. சதுப்பில் அழுகும் இலைதழையிலிருந்து கிளம்பும் வாயு பற்றி எரிவதுதான் அது என்று பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆட்டத்தில் அதை வேறு மாதிரி எழுதலாம். என்ன வேண்டும் அதற்கு? துணை. சேற்றில் தனியாகச் செத்த மீனவனின் ஆவி என்று வைத்துக்கொண்டால், வருகிறவர்களை வாய்க்காலுக்குள் இழுப்பது அதன் பழக்கம். எப்படிச் செய்யும்? கரையில் வீட்டு விளக்கு தெரிவதுபோல் காட்டும். காட்டிக்கொடுப்பது எது? அதன் வெளிச்சம் தண்ணீரில் பிரதிபலிக்காது. கவனித்துப் பார்ப்பவருக்கு மட்டும் தெரியும். அடித்தால் என்ன ஆகும்? வாள் காற்றை வெட்டும், சத்தம் கேட்டு இன்னும் இரண்டு விளக்கு எரியும். எது தணிக்கும்? இறந்தவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நிற்கும். பெயரைத் தெரிந்துகொள்ள ஊருக்குள் போய் விசாரிக்க வேண்டும், பேசாத கிழவியைப் பேசவைக்க வேண்டும். கவச எண் 17, உயிர்ப்புள்ளி 20 என்று எழுதிவைத்தாலும் ஆடுகிறவர்கள் கெட்டிக்காரர்களானால் அந்த எண்கள் தேவைப்படாது. ஒரு மாலைப் பொழுது முழுக்க ஓடக்கூடிய ஆட்டம் இது.

மீனவனுக்கு ஒரு சாதிப்பெயரோ நிஜ ஊர்ப்பெயரோ சூட்டினால் மட்டும் விஷயம் வேறாகிவிடும். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். முனியும் கருப்பும் வீரனும் டெல்டாவில் பொங்கல் படைத்துக் கும்பிடப்படுகிற சாமிகள். அவர்களுக்கு உயிர்ப்புள்ளி எழுதி வெட்டச் சொல்வது பக்கத்து வீட்டுக்காரரின் குலதெய்வத்தை மேசையில் போடுவது. அரக்கர் என்று கதைகளில் வந்தவர்களுக்குப் பின்னால் உண்மையான மக்கள்கூட்டம் இருந்தது என்ற வாதமும் தமிழகத்துக்குப் பழையது. அமெரிக்காவிலேயே 2020இல் டன்ஜன்ஸ் நிறுவனம், ஒரு இனம் முழுவதையும் பிறவியிலேயே கெட்டவர்களாகக் காட்டியதைத் திருத்துவதாக அறிவித்தது. 2022இல் அதே நிறுவனம் வெளியிட்ட 'ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டடெல்' தொகுப்பில், கொல்கத்தாவைச் சேர்ந்த எழுத்தாளர் மிமி மண்டல் வங்காளத்து ஆறும் காடும் மணக்கும் ஒரு சாகசக் கதையை எழுதினார். புலித்தலை வெளியிலிருந்து வந்தது. இது உள்ளிருந்து வந்தது. வித்தியாசம் படித்தால் தெரிகிறது.

காவிரிக்கரையிலிருந்து இன்னும் ஒன்றும் அப்படி வரவில்லை என்றால் சட்டம் தடை என்று சொல்ல முடியாது. 2023 ஜனவரியில் இந்த ஆட்டத்தின் அடிப்படை விதித்தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டுவிட்டது. மூலத்தின் பெயரைக் குறிப்பிட்டால் போதும். யாரும் எந்த மொழியிலும் அதை வைத்துப் புது அரக்கர்களை எழுதலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். ராட்சசனும் நாகமும் அந்தத் தொகுப்பிலேயே இருக்கிறார்கள். ஏழு பகடை கொண்ட ஒரு தொகுதி இணையக் கடைகளில் கிடைக்கிறது. பள்ளி விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியைக் கீழே வைக்க மறுத்தால், ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, தங்கள் தெருப் புளியமரத்துப் பேய்க்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படும் என்று எழுதச் சொல்லிப் பாருங்கள்.